பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால்: இரண்டு காதுகளையும் சோதித்துச் சரிசெய்யும் முறை

ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கும்போது பாடகரின் குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். அது ஒரு காதை ஒட்டி ஒதுங்கி நின்றால் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். இல்லையென்றால் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. மந்தமான காதுக்காகக் கூட்டிய ஒலி முழுவதும் நல்ல காதிலும் சேர்ந்தே விழுகிறது. சில ஆண்டுகள் இப்படியே போனால் இருக்கிற நல்ல காதும் தேய்ந்துபோகும்.

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் மைக்செட் போடுவது என் தொழில். அதனால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் கருவி, அடுத்து அறை, அதன்பின் காதுக்குழாய், கடைசியில்தான் செவி. இந்த வரிசையை மாற்றினால் வீண் செலவும் வீண் பயமும்தான் மிஞ்சும். சரிசெய்யும்போது நினைவில் வைக்க வேண்டியதும் ஒன்றே: குறைவாகக் கேட்கும் பக்கத்தைக் கூட்டாதீர்கள், கூடுதலாகக் கேட்கும் பக்கத்தைக் குறையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை

நேற்று இரவு வரை நன்றாக இருந்த காது காலையில் எழுந்தபோது அடைத்துப்போயிருந்தால், அல்லது இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு காதில் கேட்பது சட்டென்று குறைந்துவிட்டால், கீழே உள்ள சோதனைகள் எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உள்காதில் ஏற்படும் திடீர்க் கேள்திறன் இழப்பு 72 மணி நேரத்துக்குள் முழுதாக வந்துவிடும். அதற்கான ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் கேள்திறன் மீண்டு வரும் வாய்ப்பு அதிகம். நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு சுருங்கும். வெறும் அழுக்கு அடைப்பும் இதே போலத்தான் தொடங்கும் என்பதால் வீட்டில் இருந்தபடி இரண்டையும் பிரித்தறிவது கடினம். "சளி பிடித்திருக்கிறது, இரண்டு நாளில் திறந்துகொள்ளும்" என்று அப்பத்தா சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு காது மந்தமாவதோடு தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கடுமையான வலி, சீழ் வடிதல் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் இதே அவசரம்தான். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. பஸ் ஏறினால் அன்றே போய்ச் சேரக்கூடிய தூரம்தான்.

மெதுவாக, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் வந்த வித்தியாசம் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டு காதுகளின் கணக்கு

இடப்பக்கம் நாகசுரம் ஒலித்தால், அந்த ஒலி இடக்காதை எட்டிய பிறகு வலக்காதை எட்டக் கொஞ்சம் நேரம் ஆகிறது. அது அதிகபட்சம் 0.7 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் 10 மைக்ரோவிநாடி அளவு வித்தியாசத்தைக்கூட மூளை கண்டுகொள்கிறது. சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) கீழே உள்ள ஒலிகளுக்கு இந்த நேரக் கணக்குதான் திசை காட்டுகிறது. அதற்கு மேலே உள்ள கூர்மையான ஒலிகளைத் தலையே மறைத்துவிடுகிறது. ஆகவே அங்கே எந்தக் காதில் அதிகம் விழுகிறது என்ற அளவுக் கணக்கு வேலை செய்கிறது.

இரண்டு வீணைகள் ஒரே ஸ்வரத்தை மீட்டினாலும் அவை இரண்டு என்று நமக்குத் தெரிவது இதனால்தான். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கமான முறையில் கிடைமட்டமாக வைத்தும் வாசித்த காரைக்குடி வீணைச் சகோதரர்களின் ஊர் இது. எதிரே அமர்ந்து கேட்ட ரசிகருக்குக் கண்ணை மூடினாலும் எந்த மீட்டு யாருடையது என்று தெரிந்திருக்கும். ஒரு காது மந்தமானால் ஓசையின் அளவு மட்டும் குறைவதில்லை, இந்தப் பிரித்தறியும் சுகமும் சேர்ந்து போகிறது. கச்சேரியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கேட்பதாகச் சிலர் சொல்வது இதைத்தான்.

இரண்டு காதும் துல்லியமாக ஒரே அளவில் கேட்பவர்கள் அரிது. 5 டெசிபல் (ஒலி அளவின் அலகு) வித்தியாசம் ஒரே காதை இரண்டு முறை சோதித்தாலே வந்துபோகும். ஆனால் ஹெட்போனில் இரு பக்க அளவுக்கும் இடையே 1 டெசிபல் வித்தியாசம் வந்தாலே கூர்ந்து கேட்பவருக்குத் தெரியும். அதனால்தான் எதிரில் பேசுபவரின் பேச்சிலோ கச்சேரியிலோ உறுத்தாத வித்தியாசம் ஹெட்போனில் பளிச்சென்று தெரிகிறது.

படி 1: சோதனைக்கு ஏற்ற பாட்டை எடுங்கள்

இதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். ஸ்டீரியோ பதிவில் வயலினை இடப்பக்கமும் மிருதங்கத்தை வலப்பக்கமும் வைப்பது ஒலிப்பதிவாளரின் விருப்பம். அந்தப் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அது உங்கள் காதின் குறை ஆகாது. சோதனைக்கு வேண்டியது ஒற்றைத் தடத்தில் பதிவான, அதாவது மோனோவில் பதிவான இசை.

நம்மிடம் அதற்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1930களில் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தபோது விற்ற தட்டுகள் எல்லாம் மோனோதான். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததே 1950களின் இறுதியில். நாகசுர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தவர். அவருடைய இசைத்தட்டு எதை எடுத்தாலும் மூலப்பதிவு மோனோவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு சிக்கல்: பழைய பதிவுகளைப் பிற்காலத்தில் செயற்கையாக ஸ்டீரியோ போல ஆக்கி வெளியிட்ட பதிப்புகளும் புழங்குகின்றன. அதனால் போனிலேயே மோனோவை இயக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அமைப்புகள் பகுதிக்குள் ‘அணுகல்தன்மை’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் ஆடியோ என்ற இடத்தில் ‘மோனோ ஆடியோ’ என்ற சுவிட்சும், அதை ஒட்டி இடது வலது அளவை மாற்றும் நகர்த்தியும் இருக்கும். நகர்த்தி நடுவில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் எப்போதோ தொட்டு நகர்த்திவிட்ட நகர்த்தியால் காது போய்விட்டது என்று பயந்தவர்கள் உண்டு.

வாத்தியக் கூட்டத்தைவிடத் தனிக்குரலே சோதனைக்கு நல்லது. பேச்சும் சரிப்படும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1973இல் டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் ஒரு விநோதத்தைக் கண்டறிந்தார். 400 ஹெர்ட்ஸ், 800 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை இரண்டு காதுகளிலும் மாற்றி மாற்றி, ஒரு காதில் உயர்ந்தது ஒலிக்கும்போது மறு காதில் தாழ்ந்தது ஒலிக்குமாறு கொடுத்தார். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உயர்ந்த ஒலி வலக்காதில் மட்டும், தாழ்ந்த ஒலி இடக்காதில் மட்டும் மாறி மாறிக் கேட்டது. ஹெட்போனைத் திருப்பி மாட்டிய பிறகும் உயர்ந்த ஒலி வலப்பக்கமே நின்றது. காதுக்குக் குறை ஏதும் இல்லாமலே மூளை தானாக இடம் ஒதுக்கிவிடும் என்பதற்கு இது சான்று. பல வாத்தியங்கள் கலந்த இசையை வைத்து உங்கள் காதுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

படி 2: ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள்

தலையில் மாட்டும் வகை என்றால் வேலை எளிது. கண்ணை மூடிக் குரல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு இடது காதுக்கு உரியதை வலக்காதில் மாட்டி அதே பாட்டைக் கேளுங்கள். சாய்வு மறுபக்கம் போய்விட்டால் குறை ஹெட்போனிலோ போனிலோ இருக்கிறது. சாய்வு அதே காதுப் பக்கம் நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஒயர் உள்ளதாக இருந்தால் செருகியைத் துளையிலேயே மெதுவாகத் திருகிப் பாருங்கள். ஒரு பக்கம் வந்து வந்து போனால் ஒயரில்தான் குறை.

காதுக்குள் செருகும் இயர்பட்ஸை இப்படி மாற்றி மாட்ட முடியாது. வடிவம் ஒத்துவராது, சரியாகப் பொருந்தாமல் தவறான முடிவு கிடைக்கும். அதற்குப் பதில் அவற்றைக் கழற்றி வெயில் வெளிச்சத்தில் பிடித்து, ஒலி வரும் வலையை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கத்து வலை கறுப்பாக, துளை துளையாகத் தெரியும். மறு பக்கத்தில் ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சளாக ஒரு படலம் படிந்து, பாதித் துளைகள் மூடியிருக்கும். அது காதுக்குறும்பி. மெலிதான படலம்தான், ஆனால் கூர்மையான ஒலிகளை நன்றாகவே விழுங்கிவிடும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் துடையுங்கள். அழுக்கு கீழே உதிர வேண்டும், உள்ளே போகக் கூடாது. தண்ணீர் வேண்டாம், ஊக்கும் வேண்டாம்.

ரப்பர் முனையையும் கவனியுங்கள். ஒருவருடைய இரண்டு காதுக்குழாய்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு பக்கம் சரியாக அடைக்காவிட்டால் அந்தப் பக்கம் தவிலின் தொப்பி ஒலி, வீணையின் மந்தரம் போன்ற கனத்த ஒலிகள் ஒழுகிப்போகும். வலக்காதுக்கு நடுத்தரம், இடக்காதுக்குப் பெரியது என்று வெவ்வேறு அளவு முனை போடுவதில் தவறில்லை. பெட்டியில் மூன்று அளவுகளில் முனைகள் தருவது பொருந்துவதைத் தேர்ந்துகொள்ளத்தான்.

படி 3: ஸ்பீக்கரில் கேட்பவர்கள் நாற்காலியைத் திருப்புங்கள்

செட்டிநாட்டு வீட்டில் பாட்டுக் கேட்பது தனிச் சோதனை. முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, தேக்குத் தூண்கள், உயரமான மச்சு என்று ஒலியை உறிஞ்சும் பொருள் எதுவுமே வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியில்) கிடையாது. ஒலி சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வரும். பேச்சுக்கு அது கம்பீரம். காதுச் சோதனைக்கு அது இடைஞ்சல்.

வளவில் தூணுக்குப் பின்னால், சுவரோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம். வலப்பக்க ஒலி சுவரில் மோதித் திரும்பிக் காதில் மறுபடியும் சேரும். இடப்பக்க ஒலியில் ஒரு பகுதி முற்றத்தின் வழியே மேலே போய்விடும். காது இரண்டும் சமமாக இருந்தாலும் வலது தூக்கலாகத்தான் கேட்கும். இதை அறிய, ஸ்பீக்கரை நகர்த்தாமல் நாற்காலியை மட்டும் முழுமையாகத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முன்பு வலக்காதில் தூக்கலாக இருந்தது இப்போது இடக்காதில் தூக்கலாக இருந்தால் காரணம் வீடு. திரும்பிய பிறகும் அதே காதில் நின்றால் காரணம் உங்களிடம்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து சமமாக்குங்கள். ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் கிட்ட இருந்தாலே அந்த ஒலி 0.3 மில்லிவிநாடி முந்திவிடும், மூளை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். வளவில் சரிவராவிட்டால் மெத்தையும் துணிகளும் நிறைந்த ஓர் அறைக்குள் போய்ச் சோதியுங்கள். பெரிய வீட்டைவிடச் சின்ன அறை இதற்கு உதவும்.

படி 4: காதுக்குழாய்

ஊருணியிலோ கண்மாயிலோ முங்கிக் குளித்துவிட்டு வந்த பிறகு ஒரு காது அடைத்துக்கொண்டது என்றால், பெரும்பாலும் உள்ளே இருந்த குறும்பி தண்ணீரில் ஊறிப் பருத்திருக்கும். தானாக வெளியே வரக்கூடிய இந்தக் குறும்பியைப் பஞ்சுக்குச்சி, கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு என்று விட்டு நாமே உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறோம். காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஊற்றினால் அது நடுக்காதுக்குப் போகும். சின்ன வயதில் சீழ் வடிந்த காது என்றால் சொட்டு மருந்துகூட மருத்துவர் பார்த்த பிறகுதான்.

இங்கே ஒரு சிறு சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ஒரே சுருதியில் நீளமாக முனகுங்கள். இரண்டு காதும் ஒன்றுபோல் இருந்தால் ஒலி தலை நடுவில் கேட்கும். இப்போது வலக்காதை விரலால் அடைத்து முனகுங்கள். ஒலி வலப்பக்கம் ஓடிவரும். அடைத்த காதில்தான் சொந்தக் குரல் அதிகம் கேட்கும். இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, விரலை எடுத்துவிட்டு மறுபடி முனகிப் பாருங்கள். உங்கள் மந்தமான காதுப் பக்கமே முனகல் ஒதுங்கினால் அழுக்கு, நடுக்காதில் நீர் போன்ற வழியடைப்பாக இருக்கலாம். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் ஒதுங்கினால் மந்தமான பக்கத்தின் உள்காதைப் பற்றிச் சந்தேகம் எழுகிறது. மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவைத்து நெற்றியில் வைத்துப் பார்ப்பது இதே தத்துவத்தில்தான். வெபர் சோதனை என்பது அதன் பெயர். வீட்டு முனகல் அதன் நிழல் மட்டுமே.

படி 5: எந்தச் சுருதியில் குறைகிறது?

கருவி, அறை, அழுக்கு மூன்றும் இல்லை என்று ஆன பிறகு இந்தப் படிக்கு வாருங்கள். காதின் மந்தம் எல்லாச் சுருதியிலும் சமமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் கூர்மையான ஒலிகளில் தொடங்கும். பழைய மோனோ கச்சேரிப் பதிவு ஒன்றை ஹெட்போனில் கேட்டால் இது தெரியும். மிருதங்கத்தின் தொப்பி நடுவில் நிற்கும், ஆனால் தம்புராவின் ஜீவ ஒலி, கஞ்சிராவின் சலங்கை, ஜால்ராவின் முனை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். பாடகர் ‘ஸ’ சொல்லும்போது வரும் காற்றொலி மட்டும் குரலைவிட்டுத் தள்ளிக் கேட்கும். ஒரே புள்ளியில் இருக்க வேண்டிய இசை இப்படிச் சிதறினால், எந்தப் பக்கம் ஒதுங்கவில்லையோ அந்தக் காதில் கூர்மையான ஒலிகள் குறைந்திருக்கின்றன என்று பொருள்.

ஒலியலை உண்டாக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் நிறுவிக்கொள்ளுங்கள். ஒலி அளவை நன்றாகத் தாழ்த்தி வைத்துவிட்டு 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எது நடுவில் நிற்கிறது, எது எந்தப் பக்கம் போகிறது என்று தாளில் குறியுங்கள். கூர்மையான ஒலியைத் திடீரென்று சத்தமாக வைத்துவிடாதீர்கள்.

சங்கீதம் கற்பவர்களும் வாத்தியம் வாசிப்பவர்களும் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். சுருதிப்பெட்டியை ஒரு காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு மறு காதருகில் வைத்துக் கேளுங்கள். ஒரே சுருதி இரண்டு காதிலும் சற்றே ஏற்ற இறக்கமாகத் தோன்றுகிறதா? மிகச் சிறிய வித்தியாசம் பலருக்கும் உண்டு. பாட்டே இரண்டு சுருதியில் மோதுவதுபோல் தொந்தரவு தந்தால் அது உள்காதின் குறை. பெரும் இரைச்சலுக்குப் பிறகும் இது வருவதுண்டு. அந்த நிலையில் தம்புராவையோ வயலினையோ மாற்றி மாற்றிச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

படி 6: நகர்த்தியை அமைத்தல்

இப்போதுதான் சரிசெய்யும் கட்டம். நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அளவில் ஒலியை வையுங்கள். மிகத் தாழ்ந்த அளவில் வைத்து அமைக்காதீர்கள். உள்காது பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலிகள் கேட்காமல் போனாலும், சத்தமான ஒலிகள் ஏறக்குறைய நல்ல காதில் கேட்கும் அளவுக்கே கேட்கும். தாழ்ந்த ஒலியில் சமன் செய்துவிட்டு அளவைக் கூட்டினால் மந்தமான பக்கம் அளவுக்கு மீறித் தாக்கும்.

கண்ணை மூடி, தனிக்குரல் மோனோ பதிவை ஓடவிட்டு, நகர்த்தியை மந்தமான காதுப் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். போனில் இப்படித் தள்ளும்போது நடப்பது மறுபக்கம் குறைவதுதான். நமக்கு வேண்டியதும் அதுதான். குரல் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பிறகு வேண்டுமென்றே சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். அடுத்த நாள் காலையில், காது ஓய்வாக இருக்கும்போது மறுபடி பாருங்கள். இரண்டு நாளும் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் உங்கள் அளவு. நெடுநாள் பழகிப்போன சாய்வு நேராகும்போது முதலில் கொஞ்சம் அந்நியமாகத் தோன்றும். அதற்காக உடனே பழையபடி மாற்றிவிட வேண்டாம்.

நகர்த்திக்கு ஓர் எல்லை உண்டு. அது எல்லாச் சுருதியையும் ஒட்டுமொத்தமாக நகர்த்துகிறது. உங்களுக்கு 4000 ஹெர்ட்ஸில் மட்டும் குறை என்றால், ஜால்ரா நடுவுக்கு வரும்போது மிருதங்கம் மறுபக்கம் போய்விடும். குரலை நடுவில் வைத்துவிட்டு மீதியைப் பொறுத்துக்கொள்வதே என் யோசனை. இசையில் மனம் நிற்பது குரலில்தான். இடது, வலது காதுகளுக்குத் தனித்தனியே சுருதிவாரியாக அளவு மாற்றும் வசதி சில போன்களில் இருக்கிறது. சாம்சங்கில் ஒவ்வொரு காதையும் சோதித்து அமைத்துக்கொள்ளும் பகுதியும், ஐபோனில் ஆடியோகிராமை (காதுச் சோதனையில் கிடைக்கும் வரைபடத்தை) ஏற்றி அதற்கேற்ப ஒலியை மாற்றும் பகுதியும் உண்டு. குறை கூர்மையான ஒலிகளில் மட்டும் என்றால் அவற்றைத் தேடிப் பிடிப்பது நல்லது.

ஒரு காது ஏறக்குறைய முழுவதும் போனவர்களுக்கு நகர்த்தி உதவாது. அவர்கள் மோனோ சுவிட்சை எப்போதும் இயக்கியே வைக்க வேண்டும். அப்போதுதான் இடப்பக்கம் பதிவான வயலினும் வலப்பக்கம் பதிவான மிருதங்கமும் இருக்கிற காதில் சேர்ந்து விழும்.

படி 7: ஆடியோகிராம் எடுங்கள்

வீட்டுச் சோதனையில் வித்தியாசம் உறுதியானால் ஆடியோமெட்ரி சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் புகாத அறையில் உட்கார்த்தி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். கையில் கிடைக்கும் தாளில் வலக்காது சிவப்பு வட்டங்களாகவும் இடக்காது நீலப் பெருக்கல் குறிகளாகவும் இருக்கும். கோடு மேலே இருந்தால் நன்று, கீழே இறங்க இறங்க மந்தம். 20 டெசிபலுக்குள் நின்றால் இயல்பு.

எனக்குத் தெரிந்த, வயதான தவில் கலைஞர் ஒருவரின் தாளைப் பார்த்திருக்கிறேன். 1000 ஹெர்ட்ஸ் வரை சிவப்பும் நீலமும் கைகோத்து மேலேயே போகின்றன. 2000இல் சிவப்பு பிரிகிறது. 4000இல் நீலம் கொஞ்சம் இறங்க, சிவப்பு ஆழமாகப் பள்ளம் விழுந்து, 8000இல் மறுபடி சற்று ஏறுகிறது. 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இந்தப் பள்ளம் இரைச்சலால் பழுதான காதின் அடையாளம். "எங்கள் செட்டில் இன்னொரு தவில் எப்போதும் எனக்கு வலப்பக்கம்தான் தம்பி, ஜால்ரா இப்போது இடக்காதில் மட்டும்தான் கேட்கிறது" என்றார். தாளும் அதையே சொன்னது. பக்கத்தில் நிற்கும் வாத்தியம் எந்தக் காதுக்கு நேராக இருக்கிறது என்று மேளக்காரர்கள் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் இடம் மாறி நிற்பதும், இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் போடுவதும் தொழிலுக்கு இழுக்கு இல்லை.

அடுத்தடுத்த இரண்டு சுருதிகளில் இரு காதுக்கும் 15 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் பொதுவாக மேற்கொண்டு ஆராய்வார்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சலும் மந்தமும் சேர்ந்து வளர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். கேள்நரம்பை ஒட்டி அரிதாக வளரும் புற்றுநோய் அல்லாத கட்டி ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது. சொன்னால் எடுத்துவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது படி 5இல் குறித்த தாள், சாய்வு எப்போது தெரிந்தது, எந்த மருந்துகள் சாப்பிட்டீர்கள் என்ற விவரங்களைக் கையில் கொண்டுபோங்கள். ஜென்டாமைசின், காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள் காதைப் பாதிக்கக்கூடியவை என்பதால் அதைக் கேட்பார்கள்.

காதுகருவி பரிந்துரைத்தால் நீங்கள் பாட்டுக் கேட்பவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கருவிகளைப் பேச்சுக்கு ஏற்பத்தான் முதலில் அமைப்பார்கள். அதே அமைப்பில் நாகசுரம் கேட்டால் கரகரக்கும். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

இனிமேல் கேட்கும்போது

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும்; 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். நல்ல காதில் மட்டும் ஒற்றை இயர்போன் செருகிக் கேட்கும் வழக்கம் வேண்டாம். இரண்டு காதால் கேட்கும்போது ஒலி சற்றுக் கூடுதலாகவே தோன்றும்; ஒற்றைக் காதில் அந்த உதவி இல்லாததால் கை தானாகவே அளவைக் கூட்டிவிடும்.

கொப்புடையம்மன் திருவிழாவோ கல்யாண வீடோ, கூம்பு ஒலிபெருக்கி எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கியிலிருந்து விலகி, மேடையின் இசை நல்ல காதுப் பக்கம் விழும்படி சற்றே ஓரமாக அமருங்கள். இடக்காது மந்தம் என்றால் கச்சேரியை நோக்கியபடி அரங்கின் இடப்புறத்தில் உட்கார்ந்தால், மேடை வலக்காதுப் பக்கம் வரும். மைக்செட்காரரிடம் உங்கள் பக்கத்துக் கூம்பைச் சற்றுத் திருப்பிவிடச் சொல்லிக் கேளுங்கள். காதுக்காகக் கேட்கிறேன் என்று சொன்னால் மறுக்கமாட்டார்கள்; என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் ஏணி போட்டு ஏறித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.